தலைக்கு 12 ஷில்லிங்!

ஒரு காட்சி. இடம், இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். காலம், 1860-களின் மத்தி. நல்ல குளிர்காலக் காலை. நீளமான ஒரே அறை. ஓரத்தில் கணப்பு எரிகிறது. முகம் கழுவி, தலை வாரி, பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு மூலையிலிருந்து கக்குவான் இருமல் சத்தம். கணப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கம்பளியில் சுற்றி ஒரு குழந்தையை உட்கார வைத்திருக்கிறார்கள். நிற்கத் தெம்பில்லை. இன்னொன்று அம்மாவின் கையில். அதன் முகத்தைப் பாருங்கள்... அம்மைக் கொப்புளம்!

ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பரீட்சை நடக்கிறது!

நான் கயிறு திரிக்கவில்லை. கக்குவான், அம்மைக் கொப்புளம், நோயாளிக் குழந்தையோடு வந்து நிற்கும் தாய்... இதெல்லாம் பள்ளிகளில் தான் பார்க்கும் காட்சிகள்தான், இவ்வளவு சகஜமாகிவிட்டிருக்க வேண்டாம் என்று அந்தக் காலத்து அரசாங்க இன்ஸ்பெக்டர் ஒருவரே அறிக்கை எழுதியிருக்கிறார்.

சரி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை எழுப்பித் தூக்கிக்கொண்டு வரச்சொன்னது யார்? வாத்தியார். ஈவிரக்கம் இல்லாத மனுஷரா? அதுதான் இல்லை. அந்தக் குழந்தை அன்றைக்கு வந்து நாலு வரி படித்துக் காட்டாவிட்டால், அவர் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்!

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

'வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை' என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு அல்லவா? (போலீஸைப் பற்றிய அடுத்த பாதியை இங்கே விட்டுவிடுகிறேன்!) இங்கிலாந்திலும் நிலைமை அதுதான். நமக்கெல்லாம் இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்த அதே மெக்காலே, 1847-ல் பார்லிமென்ட்டில் பேசும்போது தன் நாட்டு வாத்தியார்களைப் பற்றிப் புலம்பினார். வேலையிலிருந்து துரத்தப்பட்ட எடுபிடிகள், வியாபாரம் நொடித்துப்போன தெரு வியாபாரிகள், சாதாரணக் கணக்கு கூடப் போடத் தெரியாதவர்கள்... இவர்கள் கையில்தான் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறோம் என்பது அவர் கவலை.

அந்த நிலைமையை மாற்ற முயன்றவர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த். அடிப்படையில் டாக்டர். 1832-ல் காலரா வந்தபோது மான்செஸ்டரின் சேரிகளில் புகுந்து வேலை பார்த்தவர். பிறகு கல்வி இலாகாவுக்கு வந்தார். டாக்டர் அல்லவா, நோயின் வேர் தெரிந்துவிட்டது. நல்ல வாத்தியார் வேண்டுமென்றால் அவருக்குப் பயிற்சி கொடு, கௌரவமாகச் சம்பளம் கொடு, வயசான காலத்தில் கைவிடாதே! 1846-ல் அவர் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியருக்கு அரசாங்கமே சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை தந்தது. நீண்டகாலம் உழைத்தவர்களுக்குப் பென்ஷனுக்கும் வழி வைத்தது. முதல்முறையாக வாத்தியார் என்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

பதினாறு வருஷம்தான். அதற்குள் ராபர்ட் லோ வந்துவிட்டார்.

லோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவாரஸ்யமான ஆசாமி. பிறவியிலேயே தோலும் முடியும் நிறமிழந்தவர், பார்வை ரொம்ப மோசம். படிப்பில் சூரப்புலி. ஆஸ்திரேலியாவுக்குப் போய் வக்கீலாக இருந்து அரசியல் செய்தவர், திரும்பிவந்து 'டைம்ஸ்' பத்திரிகையில் தலையங்கம் எழுதியவர். பிற்பாடு நிதி மந்திரியாகி, 1871-ல் தீப்பெட்டிக்கு வரி போடப் பார்த்து, தீப்பெட்டித் தொழிலாளர்கள் திரண்டுவந்து கலாட்டா செய்ததும் வாபஸ் வாங்கினவர். அந்த லோதான் அப்போது பார்லிமென்ட்டில் கல்விக்குப் பொறுப்பு.

அவருக்கு ஒரே கேள்வி. வருஷத்துக்கு 8 லட்சம் பவுண்டுக்கு மேல் பள்ளிகளுக்குக் கொட்டுகிறோமே, பதிலுக்கு என்ன கிடைக்கிறது? நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. அப்போது ஒரு கமிஷன் வேறு, வாத்தியார்கள் பெரிய பிள்ளைகளையே கவனித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தருவதில் கோட்டை விடுகிறார்கள் என்று 1861-ல் எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் குறையில் உண்மையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் லோ கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே!

1862-ல் வந்த சட்டதிட்டத்தின் சாராம்சம் இதுதான். பிள்ளைகளின் சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். வருஷத்தில் 200 முறைக்கு மேல் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு 8 ஷில்லிங். ஆக, ஒழுங்காக வரும் பிள்ளையின் விலை 12 ஷில்லிங் என்று வெச்சுக்குங்க. ஆனால் அந்த 8 ஷில்லிங் சும்மா கிடைக்காது. இன்ஸ்பெக்டர் வருவார், பரீட்சை வைப்பார். வாசிப்பில் ஃபெயிலா? 2 ஷில்லிங் 8 பென்ஸ் கட். எழுத்தில் ஃபெயிலா? அதே கட். கணக்கிலுமா? மொத்தமும் போச்சு! அந்தப் பணம் வந்தால்தான் பள்ளி நிர்வாகத்தால் வாத்தியாருக்குச் சம்பளம் தர முடியும். பல இடங்களில் மானியத்தில் இத்தனை பங்கு என்றுதான் சம்பளமே பேசினார்கள். கே-ஷட்டில்வொர்த் கொடுத்த நேரடித் தொகை ரத்து. பென்ஷனும் ரத்து.

கல்வி மலிவாக இல்லையென்றால் தரமாக இருக்கும், தரமாக இல்லையென்றால் மலிவாகவாவது இருக்கும் என்று லோ சபையில் சாமர்த்தியமாகப் பேசினார். கைத்தட்டல் வாங்கியிருப்பார். 1865-ல் மானியம் 6 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. மலிவு கிடைத்துவிட்டது!

தரம்?

வாத்தியார் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். முன்னால் 60 பிள்ளைகள். கெட்டிக்காரப் பையன் எப்படியும் பாஸ், அவனுக்கு மேற்கொண்டு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஒரு பென்னி கூட வராது. விட்டுவிடுவீர்கள். மந்தமான பையன்? அவனும் 2 ஷில்லிங் 8 பென்ஸ், மூணு தடவை! அவனைப் போட்டு அரைக்க வேண்டியதுதான், பிரம்போடு. ஒரு பிள்ளையை ஒரே வகுப்புப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை நிறுத்தவும் கூடாது என்பது விதி. சரித்திரம், பூகோளம் எதற்கும் காசு கிடையாது, ஆகவே பல பள்ளிகளில் அவை மாயமாயின. (1867-ல் மற்ற பாடங்களுக்கும் கொஞ்சம் மானியம் என்று விதியைத் தளர்த்த வேண்டிவந்தது.)

வாசிப்புப் பரீட்சைக்கு ஒரு சின்னப் புத்தகம்தான். வருஷம் பூரா அதையே உருப்போட வைத்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடகடவென்று 'படித்த' கதைகள் உண்டு. வேறொரு புத்தகத்தை நீட்டினால் திருதிரு முழி!

இந்த வேடிக்கையைக் கிட்டே இருந்து பார்த்து மனசு நொந்தவர் ஒருவர். மாத்யூ ஆர்னால்டு. ஆமாம், இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்கள் 'டோவர் பீச்' கவிதைக்காக நினைவு வைத்திருக்கும் அதே ஆர்னால்டு. கவிதை எழுதினது ஓய்வு நேரத்தில், 35 வருஷம் வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்தது ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வேலை! லோவின் திட்டத்தை 1862-லேயே பெயர் போடாமல் பத்திரிகையில் கிழித்தார், மேலதிகாரியையே எதிர்த்து. வேலை போயிருக்கலாம், பிழைத்தார். பரீட்சை என்பது இன்ஸ்பெக்டரை ஜெயிக்க வாத்தியார் கற்றுக்கொள்ளும் தந்திர விளையாட்டாகிவிட்டது என்று பிறகு அறிக்கைகளிலும் எழுதினார். இதில் முக்கியமான விஷயம், அவர் வாத்தியாரைத் திட்டவில்லை. வேறு வழியில்லாமல்தான் செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்.

இன்னொரு சின்ன விதி இருக்கிறது. எனக்கு இந்தக் கதையிலேயே அதிகம் உறுத்துவது இதுதான். ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் 'லாக் புக்' என்று ஒரு கனமான நோட்டு வைத்து, பள்ளியில் நடப்பதை எழுதிவர வேண்டும். என்ன நடந்தது என்று மட்டும்தான் எழுதலாம். அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று பொதுப்படையான அபிப்பிராயம் எதுவும் எழுதக் கூடாது! இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் அந்த நோட்டுகள் நிறைய இருக்கின்றன. மழை, பிள்ளைகள் குறைவு... அறுவடை, பிள்ளைகள் குறைவு... இன்ஸ்பெக்டர் வந்தார்... இன்னாருக்குக் காய்ச்சல்... வறண்ட வரிகள். அந்த மனுஷனுக்கு முதல்நாள் ராத்திரி தூக்கம் வந்ததா என்று ஒரு வார்த்தை கிடையாது. எழுத அனுமதியில்லையே!

லோவின் கதை 1864-ல் விநோதமாக முடிந்தது. இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் தங்களுக்குப் பிடிக்காததை இலாகா அமுக்குகிறது என்று சபையில் குற்றச்சாட்டு. இல்லவே இல்லை என்றார் லோ. பென்சில் குறிகள் போட்ட அறிக்கையை எதிர்த்தரப்பினர் சுற்றுக்கு விட்டார்கள். பார்வைக் குறைவால் காகிதங்களை மற்றவர்கள் படிக்கக் கேட்டே பழகிய லோவுக்கு, அந்தக் குறிகள் கண்ணிலேயே பட்டதில்லையாம்! ராஜினாமா செய்துவிட்டார். எட்டு வயசுப் பிள்ளை எழுத்துக்கூட்டத் தடுமாறினால் காசைப் பிடுங்கச் சொன்ன மனிதர்... சரி, வேண்டாம். பாவம், அவர் கண் அவர் குற்றம் இல்லை.

ஆள் போனார், திட்டம் போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1870-ல் ஆசிரியர்கள் லண்டனில் கூடிச் சங்கம் வைத்தார்கள். 1877-ல் அந்தச் சங்கம் ஒரு நிதி தொடங்கியது. நொடித்துப்போன ஆசிரியருக்கும், செத்துப்போன ஆசிரியரின் விதவைக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவ! பென்ஷனைப் பிடுங்கிய இடத்தை, ஆசிரியர்களே பென்னி பென்னியாகப் போட்டு அடைக்கப் பார்த்தார்கள். 1884-ல் கிரைட்டன்-பிரவுன் என்ற மனநல மருத்துவர் லண்டன் ஆரம்பப் பள்ளிகளுக்குப் போய், எத்தனை பிள்ளைகளுக்குத் தலைவலி, எத்தனை பேருக்குத் தூக்கம் இல்லை என்று கணக்கெடுத்து, இந்தப் பளு தாங்காது என்று எழுதினார். இலாகா, அது மிகைப்படுத்தல் என்று இன்னொரு அதிகாரியை விட்டுப் பதில் எழுத வைத்தது. (எந்தக் காலத்திலும் இலாகாக்கள் ஒரே மாதிரிதான்!)

1890-ல் பிடி தளர்ந்தது. 1897-க்குள் மொத்தமாகப் போனது. மறு வருஷமே, 1898-ல், ஆசிரியர்களுக்கு ஓய்வுக்காலச் சட்டம் வந்தது. கே-ஷட்டில்வொர்த் கொடுத்ததைத் திரும்ப வாங்க 36 வருஷம்!

எட்மண்ட் ஹோம்ஸ் என்பவர் இந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டராக நுழைந்து, தலைமை இன்ஸ்பெக்டராகி ஓய்வு பெற்றவர். 1911-ல் ஒரு புத்தகம் போட்டு எல்லாவற்றையும் கொட்டினார். வாத்தியாரின் கழுத்தில் இலாகா போட்ட கயிற்றின் மறுமுனை பிள்ளையின் கழுத்தில்தான் இருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். சுதந்திரமாக மூச்சுவிட முடியாதவரால் பிள்ளையை எப்படி மூச்சுவிட அனுமதிக்க முடியும்? இன்ஸ்பெக்டராகத் தானும் அந்தக் கயிற்றை இழுத்தவர்தான் என்பதால், அவர் சொன்னால் கொஞ்சம் நின்று கேட்கத் தோன்றுகிறது.

'அங்கே நடந்ததற்கு நமக்கென்ன?' என்கிறீர்களா? கப்பலேறி இங்கேயும் வந்தது சார்!

மெட்ராஸ் ராஜதானியில் 1860-களின் கடைசியில் 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' வந்துவிட்டது. நம்ம திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் அதுவரை ஊரை நம்பிப் பிழைத்தவர். நெல்லோ காய்கறியோ, அமாவாசைக்குக் கொஞ்சம் காசோ... நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் குச்சியோடு வீடுவீடாகப் பாடிப்போய் அவருக்குக் காசு சேர்ப்பார்கள். அவரிடமும் சட்டாம்பிள்ளை, கோதண்டம் என்று கொடுமைகளுக்குக் குறைச்சல் இல்லை. அவரை ரொம்பப் புனிதமாக்க வேண்டாம். ஆனால் ஊர் வாழ்ந்தால் அவரும் வாழ்ந்தார். இப்போது தலைக்கு இத்தனை அணா, பாஸானால் மட்டும் என்று ஆனது. பஞ்சம் வந்து பிள்ளை பள்ளிக்கு வராவிட்டாலும் நஷ்டம் வாத்தியாருக்கே. 1882-ல் அமைந்த ஹண்டர் கமிஷன், பின்தங்கிய இடங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு, ஆரம்பப் பள்ளிகளுக்கு இந்த முறையே இருக்கட்டும் என்றது. இங்கிலாந்தில் செத்துக்கொண்டிருந்த முறை! கர்சன் பிரபு காலத்தில், 1904 கல்விக் கொள்கைத் தீர்மானத்தை ஒட்டித்தான் கைவிடப்பட்டது.

முறை போனாலும் பயம் போகவில்லை. என் பள்ளி நாட்களில் இன்ஸ்பெக்ஷன் என்றால் முதல்நாளே தரை கழுவி, தோரணம் கட்டி, நன்றாகப் படிக்கிறவனை முன் பெஞ்சுக்கு மாற்றிவிடுவார்கள். என்னை எந்த பெஞ்சுக்கு அனுப்பினார்கள் என்பது இங்கே அநாவசியம்! எங்கள் கணக்கு சார், தினமும் சிரித்துப் பேசுகிறவர், அன்றைக்குக் கையில் சாக்பீஸ் நடுங்க நின்றார். பெரியவர்களுக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பயத்தைவிடப் பெரிய பிரச்னை, முதுமை. சர்க்கார் பள்ளி ஆசிரியருக்குப் பென்ஷன் உண்டு. ஆனால் தனியார் உதவி பெறும் பள்ளிகளிலும் உள்ளாட்சிப் பள்ளிகளிலும் வேலை பார்த்த பெரும்பான்மையினருக்கு? சேமநல நிதியில் கிடைப்பதோடு சரி. ஊர்ப் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, ரிட்டயரான மறுநாள் தன் பிள்ளையிடம் கையேந்த வேண்டும். மாஸ்டர் ராமுண்ணி போன்ற தலைவர்கள் ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களைத் திரட்டிப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

காமராஜர் 1954 ஏப்ரலில் முதல்வரானார். கல்வியும் நிதியும் சி.சுப்பிரமணியம் கையில். கல்வி இயக்குநர் நாற்காலியில் நெ.து.சுந்தரவடிவேலு. 1955-ல் பென்ஷன், சேமநல நிதி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் சேர்த்துக் கட்டி இந்த ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கே முன்னோடித் திட்டம். தொகை பெரிசில்லை. ஆனால் செத்தால் குடும்பத்துக்கு ஏதாவது மிஞ்சும், இருந்தால் மாசம் பிறந்தால் ஏதாவது வரும் என்கிற நிம்மதிக்கு என்ன விலை? எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார். பென்ஷன் வாங்கப் போகிற அன்று மட்டும் சலவை வேட்டி, அங்கவஸ்திரம். திரும்பும்போது தெருப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய். அந்த நடையை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக அரிசி பருப்பு திரட்டி, பிள்ளைகளை உட்காரவைத்துப் பரிமாறி, கணக்கு எழுதினதில் முன்னால் நின்றவர்கள் யார் என்கிறீர்கள்? அதே வாத்தியார்கள். அரசாங்கப் பணம் வருவதற்கு முன்பே பல ஊர்களில் இது ஓடியது. பென்ஷன் கொடுத்ததால்தான் இது நடந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் தன் வயிற்றைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிற ஆளிடம் போய், அடுத்த வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்காக அரிசி கேட்டுவா என்று சொல்லிப் பாருங்கள்!

கடைசியாக ஒருமுறை இங்கிலாந்துக்குப் போய்விட்டு வந்துவிடலாம். 1992-ல் அங்கே 'ஆஃப்ஸ்டெட்' என்ற பள்ளி ஆய்வு அமைப்பு வந்தது. பள்ளியை ஆராய்ந்து கடைசியில் ஒரே வார்த்தையில் மார்க் போடுவார்கள். 2022 நவம்பரில் ரெடிங் நகரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியை ஆய்வு செய்தார்கள். அதற்கு முன் மிக உயர்ந்த மார்க் வாங்கிய பள்ளி. இந்தத் தடவை கடைசி மார்க். அறிக்கை வெளியாகும்வரை முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. அந்தப் பாரத்தை மனசில் சுமந்துகொண்டு கிறிஸ்துமஸைக் கழித்த தலைமை ஆசிரியை, 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று அந்த வருஷம் டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னார்.

2024 ஜனவரியில் ஆய்வுகளைச் சில வாரம் தள்ளிவைத்து, எதிரே இருப்பவர் மனம் உடைகிறாரா என்று கவனிக்க இன்ஸ்பெக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் ஒற்றை வார்த்தை மார்க்கை எடுத்துவிட்டார்கள். 1877-ல் விதவைகளுக்காகத் தொடங்கிய அந்த நிதி, பேர் மாறி இன்றைக்கும் இருக்கிறது. மனசு தாங்காத ஆசிரியர் ராத்திரி எந்நேரமும் கூப்பிட அவர்களிடம் ஒரு டெலிபோன் உண்டு.

அந்த ரகசிய விதியையும் 2023-லேயே தளர்த்தினார்கள். ஆய்வின் முடிவைத் தலைமை ஆசிரியர் இனிமேல் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லலாம், கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லலாம், டாக்டரிடமும் சொல்லலாம்.